எங்க வீட்டு அலமாரியில் ஒரு பூதம்!

உங்க வீட்டு அலமாரி மேல என்னெல்லாம் இருக்கும்? பழைய சூட்கேஸ், கொலு பொம்மைப் பெட்டி, தூக்கிப் போட அப்பாவுக்கு மனசு வராத ஓட்டை ரேடியோ... எங்க வீட்டு அலமாரி மேல ஒரு பூதம் இருக்கு பாஸ்!

நம்ப முடியலைன்னா முத்தியால்பேட்டைக்கு வாங்க, காட்டுறேன். அண்ணன் வேலை கிடைச்சு பெங்களூரு கிளம்பினப்போ விட்டுட்டுப் போன பழைய லேப்டாப். ஸ்க்ரீன்ல குறுக்கே ஒரு கோடு, கீபோர்டில் ரெண்டு பல் காணோம், ஃபேன் போடுற சத்தத்துக்கு ஆயா "என்னடி, கிரைண்டர் ஓடுதா?"ன்னு கேட்பாங்க. ஆனா இருபத்துநாலு மணி நேரமும் விழிச்சிருக்கும். அதுதான் என் சர்வர்.

பூதம்னு நான் பில்டப்புக்காகச் சொல்லலை. நாம கூப்பிடாமலே, கண்ணுக்குத் தெரியாம பின்னணியில் ஓடிக்கிட்டே இருக்கிற புரோகிராமுக்கு கம்ப்யூட்டர் உலகத்தில் வெச்ச பேரே 'டீமன்'. 1963 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆட்கள் வெச்ச பேர் அது. தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல நம்ம உயிரை வாங்குற மேக்ஸ்வெல்லோட பூதம் இருக்கே, ஒரு சின்னக் கதவுகிட்ட உட்கார்ந்து வேகமான மூலக்கூறை இந்தப் பக்கம், மெதுவானதை அந்தப் பக்கம்னு பிரிச்சு விடுமே... அதே பூதம்தான். அந்தக் குழுவில் இருந்த ஃபெர்னாண்டோ கார்பட்டோ பிற்பாடு இதைச் சொல்லியிருக்கார். நான் அந்தப் பேப்பரை ரெண்டாவது தடவைதான் கிளியர் பண்ணினேன். அது இங்கே முக்கியமில்லை.

என் பூதத்தோட வேலை ரொம்ப சிம்பிள். நீங்க ஒரு ஃபைல் அனுப்புறீங்க. வாங்க வேண்டியவர் அந்த நேரத்தில் தூங்குறார், இல்ல ஃபோன்ல சார்ஜ் இல்லை. பரவாயில்லை. பூதம் வாங்கி வெச்சுக்கும். அவர் எப்போ ஆன்லைனுக்கு வர்றாரோ அப்போ கொடுக்கும். ஊருக்குப் போறவங்க பக்கத்து வீட்டு அக்காகிட்ட சாவி கொடுத்துட்டுப் போவாங்களே, அவ்வளவுதான் விஷயம்.

இதில் என்ன பெரிசுன்னு கேட்காதீங்க. இணையம்னு நாம சொல்ற சமாசாரம் குழந்தையா இருந்தப்போ ஃபைல் அனுப்பணும்னா ரெண்டு பக்கமும் மெஷின் விழிச்சிருக்கணும். 1971-ல் எஃப்.டி.பி. என்கிற ஃபைல் அனுப்பும் முறையை எழுதினவர் நம்ம ஊர்க்காரர் தெரியுமா? அபய் பூஷண். ஐ.ஐ.டி. கான்பூரோட முதல் பேட்ச். அடுத்த தடவை எங்க ஹெச்.ஓ.டி. "உங்க பேட்ச் எதுக்கு லாயக்கு?"ன்னு கேட்டா இந்தப் பேரைச் சொல்லலாம்னு வெச்சிருக்கேன்.

அப்புறம் அதே எழுபதுகளில் பெல் லேப்ஸ்ல யு.யு.சி.பி.ன்னு ஒண்ணு வந்தது. பகல்ல சேர்ந்த கடிதம், ஃபைல் எல்லாத்தையும் மூட்டை கட்டி வெச்சுட்டு, ராத்திரி டெலிஃபோன் கட்டணம் குறையும்போது ஒரு மெஷின் இன்னொரு மெஷினுக்கு ஃபோன் போட்டு மொத்தமா தள்ளிவிடும். எண்பதுகளின் கடைசியில் மும்பை என்.சி.எஸ்.டி.யும் நம்ம சென்னை ஐ.ஐ.டி.யும் எர்நெட்ல பேச ஆரம்பிச்சதும் இப்படி டயல் பண்ணித்தான். பொதுமக்களுக்கு இந்தியாவில் இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. அதுக்கெல்லாம் முன்னாடியே மூட்டை போய்க்கிட்டு இருந்திருக்கு!

சரி, சென்னையை விடுங்க. நம்ம பாண்டிச்சேரிக்கு வாங்க. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூர்ல ஒரு மையம் போட்டாங்க. சுத்துப்பட்டு கிராமங்கள்ல அறிவு மையங்கள். அங்கே ஒழுங்கான ஃபோன் லைன் கிடையாது, கரன்ட்டும் நம்பி இருக்க முடியாது. அதனால சோலார் பேனல், வி.ஹெச்.எஃப். ரேடியோ. வில்லியனூர்ல தகவலைச் சேகரிச்சு, தமிழாக்கி, ரேடியோ வழியா கிராமத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவாங்க. அமெரிக்கக் கடற்படையோட தளத்தில் இருந்து எடுத்த அலை உயரக் கணிப்பு வீராம்பட்டினத்துக்குப் போகும். அங்கே ஸ்பீக்கர்ல படிப்பாங்க. கேட்டுட்டு கடலுக்குப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க மீனவர்கள். 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு தப்பிச்சதும் இந்த ஸ்பீக்கராலதான். சிங்கப்பூர்ல இருந்த அந்த ஊர்ப் பையன் ஒருத்தர் விஷயம் தெரிஞ்சு வீட்டுக்கு ஃபோன் போட, ஊர்க்காரங்க அறிவு மையத்து ஒலிபெருக்கியில அலற, மூவாயிரத்துக்கும் மேல ஜனங்க பிழைச்சாங்க. நான் பிறக்குறதுக்கு முன்னாடி நடந்த கதை. வீராம்பட்டினம் தேருக்கு வருஷா வருஷம் போயிருக்கேன். இதை ஒருத்தர்கூட எனக்குச் சொன்னதில்லை.

இப்போ என் கதை.

அம்மாவோட தம்பி குடும்பத்தோட ஃபிரான்ஸ்ல இருக்கார். பாண்டியில் இது சாதாரணம், தெருவுக்கு நாலு வீட்டில் பாரீஸ் மாமா உண்டு. அங்கேயும் இங்கேயும் வெயில் காலத்தில் மூன்றரை மணி நேரம், குளிர் காலத்தில் நாலரை மணி நேரம் வித்தியாசம். அவர் வேலை முடிஞ்சு உட்காரும்போது ஆயா குறட்டை. ஆயா காபி போடும்போது அவர் குறட்டை. ரெண்டு பேரும் குரல் பதிஞ்சு அனுப்பிக்குவாங்க. இதுக்குன்னு ஆரம்பிச்சதுதான் என் சர்வர். செகண்ட் இயர் லீவுல டெபியன் லினக்ஸ் போட்டு, மேல புரோசோடின்னு ஒரு எக்ஸ்.எம்.பி.பி. சர்வர் ஏத்தினேன். ஃபோன்ல கான்வர்சேஷன்ஸ் ஆப். வீட்டு இணையத்துக்கு சொந்தமா ஒரு ஐ.பி. முகவரி கிடையாதுன்னு தெரிஞ்சு, மாசம் கொஞ்சம் கூடக் கட்டி ஸ்டாட்டிக் ஐ.பி. வாங்கினேன். அது என் பாக்கெட் மணி, வீட்ல சொல்லிடாதீங்க.

முதல் வாரமே பல்பு. தினமும் காலையில் ஒன்பது மணிக்கு சர்வர் செத்துப்போகும். லாகைப் படிச்சுப் படிச்சு கண்ணு போச்சு. மூணாவது நாள் அலமாரி முன்னாடி காவல் இருந்து பார்த்தா... அம்மா துடைப்பத்தோட வந்து, தூசி தட்டி, "திறந்தே கிடக்கு பாரு"ன்னு லேப்டாப்பை மூடிட்டுப் போறாங்க! மூடினா லேப்டாப் தூங்கிடும். செட்டிங்ஸ்ல ஒரே ஒரு வரி மாத்தினேன், மூடினாலும் முழிச்சிருன்னு. அன்னையிலிருந்து அம்மாவும் சர்வரும் சமாதானம். பழைய லேப்டாப்பில் ஒரு வசதி உண்டு பாஸ், கரன்ட் போனா அதோட பேட்டரியே யு.பி.எஸ். என்னோடது ரெண்டு மணி நேரம் தாங்கும்.

கொஞ்ச நாள்ல கிளாஸ்ல பதினாலு பேர் வந்து சேர்ந்துட்டாங்க. நோட்ஸ், லேப் ரெக்கார்டு, சினிமா பாட்டு, யார் யாருக்கோ என்னென்னவோ. எனக்குத் தலை கால் புரியலை. காலரைத் தூக்கிக்கிட்டு, "வாட்ஸ்அப் எல்லாம் எதுக்கு மச்சி? நம்மகிட்டயே சர்வர் இருக்கு"ன்னு பார்க்கிறவங்ககிட்டெல்லாம் சொன்னேன். அதில் ஒருத்தி என் பெஸ்ட் ஃப்ரெண்ட். ஊர் பாகூர், அதனால கூப்பிடுறதே பாகூர்னுதான். படிப்புக்காக ரெயின்போ நகர்ல ரூம் எடுத்துத் தங்கியிருந்தா.

பாகூரோட தாத்தா தெருக்கூத்துக் கலைஞர். கர்ண மோட்சத்தில் கர்ணன் வேஷம் கட்டினவர். எண்பது தாண்டியாச்சு, ஆட முடியாது, ஆனா உட்கார்ந்து பாடுவார். 2024 நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி, பத்தாவது படிக்கிற அவ தம்பி, தாத்தாவை உட்கார வெச்சு நாற்பது நிமிஷம் பாட வெச்சு ரெக்கார்டு பண்ணியிருக்கான். ஃபோன்ல இடம் இல்லை. நவம்பர் 29 வெள்ளிக்கிழமை சாயங்காலம், புயல் வருதுன்னு ஊரே மெழுகுவத்தி வாங்கிக்கிட்டு இருந்தப்போ, அக்காவுக்கு என் சர்வர் வழியா அனுப்பிட்டு, தன் ஃபோன்ல இருந்து அழிச்சுட்டான். அனுப்பியாச்சே! டிக் விழுந்தாச்சே!

அந்த டிக்குக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சிருக்கீங்களா? 'அக்காகிட்ட போயாச்சு'ன்னு இல்லை. 'பூதம் வாங்கி வெச்சிருக்கு'ன்னு மட்டும்தான்.

மறுநாள் சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர்ப் பக்கமே கரையைக் கடந்தது. ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கும் மேல மழை. பாண்டியில் இருந்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரெயின்போ நகர்ல தண்ணி பாகூர் ரூமுக்குள்ள வந்து, தரையில் சார்ஜ் போட்டிருந்த ஃபோன் மூழ்கிப்போச்சு. எங்க வீட்டில் கரன்ட் போய், ரெண்டு மணி நேரம் தம் கட்டின பூதமும் படுத்துடுச்சு. திரும்ப கரன்ட்டும் இணையமும் வந்து சர்வர் எழுந்தப்போ திங்கள்கிழமை ராத்திரி. அதுக்குள்ள தென்பெண்ணையில வெள்ளம் வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் மிதந்துக்கிட்டு இருந்துது. ஃபைலைப் பத்தி அப்போ யாருக்கு நினைப்பு?

டிசம்பர் 8 ஞாயிறு. பாகூர் ஒரு செகண்ட்ஹேண்ட் ஃபோன் வாங்கி, ஆப்பைப் போட்டு, தம்பி அனுப்பினதைத் தட்டினா, 'ஃபைல் இல்லை'. எனக்கு ஃபோன் பண்ணினா. "மச்சி, உன் சர்வர்ல எங்க தாத்தா இருக்கார், எடுத்துக் குடு"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

எனக்கு வயிறு கலங்கிடுச்சு. புரோசோடியில் யார் ஃபைல் அனுப்பினாலும் ஏழு நாள் வெச்சிருந்து அழிச்சுடும். அது மேல தப்பில்லை, ஆவணத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கு. பத்து எம்.பி. அளவு பத்தலைன்னு நூறாக்கத் தெரிஞ்ச எனக்கு, அதே இடத்தில் இருக்கிற ஏழு நாளை மாத்தணும்னு தோணலை. வாட்ஸ்அப் கூட வாங்காத மெசேஜை முப்பது நாள் வெச்சிருக்கும். நான் பீத்திக்கிட்ட சர்வர் ஏழே நாள். அந்த ஏழு நாள்ல ரெண்டு நாள் அதுவே படுத்துக் கிடந்தது! ஆனா கெடு கடிகாரத்தைப் பார்த்துத்தானே? சர்வர் செத்துக் கிடந்தாலும் கடிகாரம் ஓடும். வெள்ளிக்கிழமை கெடு முடிஞ்சு பூதம் சமத்தா பெருக்கித் தள்ளிட்டுது.

தாத்தாவைத் திரும்பப் பாட வைக்கலாமேன்னு நீங்க நினைக்கலாம். நானும் கேட்டேன். அந்த வாரம்தான் அவருக்கு மிச்சமிருந்த பல்லையெல்லாம் பிடுங்கியிருக்காங்க.

உடனே ஓடிப்போய் சர்வரை நிறுத்தினேன். நான் உருப்படியா செஞ்ச ஒரே காரியம் அதுதான். ஏன்னா ஃபைலை அழிக்கிறதுன்னா அதை எரிக்கிறதில்லை. இந்த இடம் காலின்னு கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் வேற ஏதாவது எழுதப்படுற வரைக்கும் பழசு அங்கேயே கிடக்கும். நல்லவேளை, அண்ணன் லேப்டாப் பழசு, உள்ளே சுத்துற ஹார்டு டிஸ்க். புது எஸ்.எஸ்.டி.யா இருந்திருந்தா காலியானதைத் தானே துடைச்சுப் போட்டிருக்கும்.

டிஸ்க்கைக் கழட்டி யு.எஸ்.பி. அடாப்டர்ல மாட்டி, ஃபோட்டோரெக்னு ஒரு இலவச மென்பொருளை ஓட விட்டேன். அது ஃபைல் பேரையெல்லாம் பார்க்காது. ஒவ்வொரு வகை ஃபைலும் ஆரம்பிக்கிறதுக்கு ஒரு அடையாளம் உண்டு இல்லையா, அதைத் தேடிக்கிட்டு காலி இடம் முழுக்க மோப்பம் பிடிக்கும். கிடைச்சதுக்கெல்லாம் நம்பர் போட்டு ஒரு ஃபோல்டர்ல கொட்டும்.

ராத்திரி முழுக்க ஓடிச்சு. தூங்கலை. விடிகாலையில் ஃபோல்டரைத் திறந்தேன்.

பாஸ், இந்த இடத்தில்தான் நான் பண்ணின ரெண்டாவது தப்பு. 'ஆடியோ மட்டும் தேடு'ன்னு அதுகிட்ட சொல்ல முடியும். அவசரத்தில் சொல்லலை. அதனால இத்தனை மாசமா பதினாலு பேரும் என் குடும்பமும் அனுப்பி அழிஞ்சுபோன எல்லாமே எழுந்து வந்து என் முன்னாடி நின்னுது. ஆயிரக்கணக்கில். ஃபோட்டோவெல்லாம் சின்னச் சின்னக் கட்டமா தானாவே திரையில விரியுது. அண்ணன் காலேஜ் காலத்துப் படங்கள்கூட வந்தது (அதுக்குத் தனியா விலை பேசிக்கிட்டு இருக்கேன்). அதுவரைக்கும் சிரிப்புதான். அடுத்த வரிசையில் ஒரு ஆஸ்பத்திரி ரிப்போர்ட், ஃபோன்ல பிடிச்ச படம். பேர் தெளிவாத் தெரிஞ்சுது. என் கிளாஸ் பையன். என்ன வியாதின்னும் தெரிஞ்சுது. கண்ணை மூடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதுக்குள்ள படிச்சாச்சு.

ஃபோல்டரை மூடி, படங்கள், பி.டி.எஃப். எல்லாத்தையும் பார்க்காமலே அழிச்சேன். எம்பி3 மட்டும் விட்டு வெச்சேன். அளவை வெச்சு வரிசைப்படுத்தி பெரிசுல இருந்து கேட்டேன். சினிமா பாட்டு, சினிமா பாட்டு, யாரோ லெக்சரர் பாடம், சினிமா பாட்டு... நாற்பது நிமிஷத்தில் எதுவுமே இல்லை. இறங்கி வர வர, ஒரு பதினேழு நிமிஷத் துண்டில் முதல்ல ஒரு இருமல். அப்புறம் "ரெடியாடா?"ன்னு ஒரு கிழக் குரல்.

மிச்ச இருபத்துமூணு நிமிஷம் டிஸ்க்ல வேற மூலையில் இருந்திருக்கும், மேல ஏதோ எழுதியிருக்கும். எம்பி3ங்கிறதால பாதி இருந்தாலும் பாடும். வேற சில வகையா இருந்தா அதுவும் திறந்திருக்காது.

இங்கே ஒரு சிக்கலை கவனிச்சீங்களா? இந்த ஆப்பில் ஓமெமோன்னு ஒரு பூட்டு இருக்கு. அதைப் போட்டு அனுப்பினா சர்வர்ல கிடக்கிறது வெறும் குப்பை மாதிரி பைட்டுகள், சாவி வாங்குறவர் கையில் மட்டும். ஆரம்பத்தில் நிறைய பேருக்கு மெசேஜ் திறக்கலைன்னு சண்டை வந்ததால, "அதை ஆஃப் பண்ணிக்கோங்கப்பா"ன்னு சொன்னதே நான்தான். பூட்டு இருந்திருந்தா அந்தப் பையனோட ரிப்போர்ட் என் கண்ணுல பட்டிருக்காது. ஆனா தாத்தாவும் கிடைச்சிருக்க மாட்டார், ஃபோட்டோரெக்குக்கு அடையாளமே தெரிஞ்சிருக்காது. ரெண்டில் எது வேணும்னு இன்னிக்கு என்னைக் கேட்டா பூட்டுதான்னு சொல்வேன். பாகூர் முன்னாடி நின்னுக்கிட்டு சொல்ல முடியுமான்னு தெரியலை.

மறுநாளே எல்லாருக்கும் எழுதினேன். இந்த மாதிரி ஆச்சு, உங்க பழைய ஃபைல்கள் என் கண் முன்னாடி வந்தது, சிலதைப் பார்த்துட்டேன், அழிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. இப்போ கெடு முப்பது நாள். பூட்டு கட்டாயம். வாங்கினவர் 'வந்துச்சு'ன்னு சொல்ற வரைக்கும் அனுப்பினவர் தன்கிட்ட இருக்கிறதை அழிக்கக் கூடாது. இந்த மூணாவது விதியை எந்த செட்டிங்ஸ்லேயும் போட முடியாது, வாயால சொன்னதுதான். பதினாலு பேர்ல அஞ்சு பேர் பதில்கூடப் போடாம கிளம்பிட்டாங்க. "மொக்கை சர்வர்"னு ஒருத்தன் ஸ்டேட்டஸ் போட்டான். நியாயம்தான்.

பாகூர் வீட்டுக்குப் போய் தாத்தாவுக்கே போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக்கிட்டு கேட்டார். பாட்டு பாதி வரியில நிக்குது. கர்ணன் களத்தில் நிக்கிறான், அர்ஜுனன் இன்னும் அம்பு விடலை. தம்பி என்னை முறைச்சான். தாத்தா பொக்கை வாயோட, "இதோட நிறுத்தினதே நல்லது. எத்தினி வாட்டிதான் சாவுறது?"ன்னார். பாகூர் சிரிச்சா. அப்புறம் பின்கட்டுக்குப் போய் ரொம்ப நேரம் வரலை.

அந்த ரிப்போர்ட் பையன்கிட்ட தனியா சொல்லணுமா, பொதுவா சொன்னது போதாதான்னு ரெண்டு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். பேர் பார்த்துட்டேனே. கடைசியில் பீச் ரோடுல, காந்தி சிலைகிட்ட நிக்க வெச்சு சொல்லிட்டேன். அவன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான். "நீ எழுதினப்பவே தெரியும்"ன்னான். "யார்கிட்டேயும் சொல்லலை"ன்னேன். "ம்"ன்னான்.

சர்வரை விட்டுப் போன அஞ்சு பேர்ல அவனும் ஒருத்தன். பேசுறதை நிறுத்தலை, கேன்டீன்ல டீ கூட வாங்கித் தர்றான். போன வாரம் லேப் மேனுவல் கேட்டேன். பையில இருந்து பென் டிரைவை எடுத்து நீட்டி, பக்கத்திலேயே நின்னுக்கிட்டான். "காப்பி பண்ணிட்டு உடனே குடு."